சங்கரன்கோவிலில் கேட்ட சீனச் சொல்

கிம் அக்காவின் வாயில் சங்கரன்கோவில் என்ற பெயர் நுழையாது. 'சங்காலாங்' என்பார். நானும் பல ஆண்டுகள் அது ஏதோ சீனத்து ஊர் என்றே நினைத்திருந்தேன்.

கிம் அக்கா பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சீனர். எண்பதை நெருங்குகிற வயது. நான் ஹொக்கியன் கற்றது அவர் வீட்டு அடுப்படியில்தான். ஹொக்கியன் என்பது பினாங்குச் சீனர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் சீனம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எனக்குச் சம்பளத்தைவிட அதிகம் உதவியது அந்த மொழிதான். வயதான சீனர்கள் நேராக என்னிடம் வந்துதான் இருமலைச் சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் கிம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தனக்கு ஒரு தங்கை உண்டு என்றார். பெயர் பீ லெங். நான்கு வயதில் அவளை ஒரு தமிழ்த் தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், பிள்ளையில்லாதவர், வேலையை விட்டுவிட்டு மனைவியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஊர் சங்காலாங். அது சங்கரன்கோவில் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. அந்தக் காலத்தில் வறுமைப்பட்ட சீன வீடுகள் பெண் குழந்தைகளைத் தமிழர்களுக்குக் கொடுப்பது நடந்ததுதான். என்னோடு படித்தவளின் அம்மாவே சீன முகத்தோடு தேவாரம் பாடுவார். "நீ தமிழச்சி. போய்க் கேட்டால் சொல்வார்கள்" என்றார் கிம் அக்கா. கண்டுபிடித்தால் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன். "நீ ஒன்றும் சொல்லவேண்டாம். அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஆளைக் கண்டுபிடித்து போனைக் கையில் கொடு."

அப்படித்தான் தமிழ்நாட்டுக்கு என் முதல் பயணம் அமைந்தது. என் தாத்தா காலத்தில் விட்டுப்போன நாடு. யாரோ ஒரு சீனப் பெண்ணைத் தேடி அங்கே போனேன்.

ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது முதல் தப்பு. சங்கரன்கோவில் போகும் என்று யாரோ கையைக் காட்டிய பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது பஸ் சிவகிரியில் நின்றது. "இங்கன எறங்கிருங்கம்மா. சங்கரன்கோவிலுக்கு வேற வண்டி வரும்" என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு வானத்தைப் பார்த்தார்.

மேற்கே மலை நீலமாக நின்றது. பினாங்கு மலை எங்கள் தலைக்குமேல் கவிந்திருக்கும், எந்நேரமும் ஈரம் சொட்டும். இது தள்ளி நின்று பார்க்கிற மலை. ஒரு டீ வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்த் தேநீரில் பாதிகூட இல்லாத சிறிய கிளாஸ். ஆனால் இரண்டு மடங்கு சர்க்கரை.

பக்கத்தில் இரண்டு ஆண்கள் சாக்கில் சுற்றிய பழைய பித்தளைத் தண்ணீர்ப் பம்பு ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, அந்தம்மா லாயிலெக்கு கேப்பாவ. என்ன சொல்லுவ?"

"எங்க தாத்தா வச்சிருந்ததுன்னு சொல்லுதேன்."

"தாத்தா எங்க வாங்குனாருன்னு கேப்பாவ. லாயிலெக்கு சரியா இல்லன்னா தொட மாட்டாவ, பாத்துக்க."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். லாய் லெக். ஹொக்கியன் சொல். லாய் என்றால் வருவது. லெக் என்றால் கடந்து வந்தது. ஒரு பொருளோ ஆளோ எங்கே தொடங்கி எதைக் கடந்து இங்கே வந்து சேர்ந்தது என்ற முழுக் கதைக்கும் அந்த ஒரு சொல்தான். கிம் அக்கா மீன்காரனிடம் கேட்பார். நான் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போனால் என்னிடம் கேட்பார். அதை மலையடிவாரத்துப் பஸ் நிலையத்தில், வேட்டி கட்டிய ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார், கடைசியில் ஒரு உகரத்தையும் சேர்த்து.

அவர்கள் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, லாயிலெக்குன்னா என்ன?" என்று கேட்டேன்.

பம்புக்காரர் சாக்கை இழுத்து மூடினார். மற்றவர், "ஒரு சாமான் எங்கேருந்து வந்துச்சின்னு அர்த்தம்மா. லாயிலெக்கு இல்லன்னா திருட்டுச் சாமான்னு வச்சிக்கோங்களேன்" என்றார்.

"அது எந்த மொழிச் சொல்?"

"எந்த மொழியா? இங்கனயே உள்ளதுதான்."

வந்த பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் கண்டக்டர் முன் சீட்டுக்கடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை இழுத்தார். யாருடையது என்று இரண்டு முறை கேட்டார். பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை. "லாயிலெக்கு இல்லாத பை. நல்லாருக்கு" என்று சொல்லி அதை என் காலருகே வைத்தார். வாய் திறந்திருந்த பையில் ஒரு சேலையின் ஓரம் தெரிந்தது. புதுச் சேலை. வழியெல்லாம் அது என் காலில் உரசிக்கொண்டே வந்தது. பையை என்ன செய்வீர்கள் என்று இறங்கும்போது கேட்டேன்.

"லாயிலெக்கு அம்மா கடையில போட்டுருவோம். உடையவன் அங்கன போய் வாங்கிக்கிடுவான். பஜார்ல கேளுங்க, பழைய சாமான் கடை. எல்லாருக்கும் தெரியும்."

அன்று மாலை பிரியாணி சாப்பிட்டேன். இந்த ஊருக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று லாட்ஜ்காரர் சொல்லியிருந்தார். சின்னச் சின்ன அரிசி, நன்றாக வெந்த கறி. எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றைப் போலக் குழம்பை மேலே ஊற்றிக் குளிப்பாட்டவில்லை. பசியோடுதான் போனேன். ஆனாலும் பாதி இலையோடு எழுந்துவிட்டேன். சாப்பாட்டில் குறையில்லை. கவனமெல்லாம் அந்தச் சொல்லில்தான்.

லாட்ஜுக்குப் பின்னால் விசைத்தறிக் கூடங்கள். தறிகள் இரண்டிரண்டு அடியாக ஓடின. முதலில் அது வெறும் சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் லாய்-லெக், லாய்-லெக் என்று காதில் விழத் தொடங்கியது. பிறகு அதைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. கரண்ட் போனதும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. யாரோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மாதிரி.

மறுநாள் காலை கோமதி அம்மனைப் பார்த்துவிட்டு, எல்லாரையும்போலக் கொஞ்சம் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, பஜாருக்குப் போனேன். கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பித்தளைக் குடங்கள், கழற்றிய மின்விசிறிகள், தையல் மெஷின்கள். உள்ளே நீளமான இருட்டு. முன்னால் ஒரு பெண் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள், பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"அத்தே, ஆள் வந்திருக்காவ" என்றாள்.

இருட்டிலிருந்து கிம் அக்கா எழுந்து வந்தார்.

சுங்குடிச் சேலை, மூக்குத்தி, நெற்றியில் திருநீறு. ஆனால் கிம் அக்காதான். அதே கன்னம், அதே இடுங்கிய கண்கள், நிற்கும்போது ஒரு தோளைச் சற்று இறக்கிக்கொள்ளும் அதே வழக்கம். ஒரு நொடி, கிம் அக்கா எனக்கு முன்பே புறப்பட்டு இங்கே வந்து வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்றே நினைத்தேன். அந்த முகம் வாய் திறந்து நெல்லைத் தமிழ் பேசியது.

"வாங்க, உக்காருங்க. என்னா ஒரு மாதிரியா இருக்கிய? ஏட்டி செல்வி, தண்ணி கொண்டா."

ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தேன். அவர் பெயரும் கோமதிதான். நான் மலேசியா என்றதும் அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கை மட்டும் துடைத்துக்கொண்டிருந்த சொம்பை விட்டது.

நான் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு விவசாயி வந்துவிட்டார். பஸ்ஸில் பையை விட்டவர். கோமதி அம்மா மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "லாயிலெக்கு சொல்லும்" என்றார்.

அவர் சொன்னார். மகள் வளைகாப்புக்கு எடுத்த சேலை, மாம்பழக் கலர், பச்சைக் கரை, எடுத்த கடை, கூட வந்த மைத்துனன், அவனோடு பஸ்ஸில் நடந்த சண்டை, அந்தக் கோபத்தில் பையை மறந்து இறங்கியது. கோமதி அம்மா ஒரு சொல்லையும் விடாமல் கேட்டார். பிறகு பையைக் கொடுத்தார். அவர் கும்பிட்டுவிட்டுப் போன பின்பும் காலியான மடியைப் பார்த்தபடி இருந்தார்.

"லாயிலெக்கு சொல்லிட்டா கொடுத்துரணும். அதான் இங்கன முறை" என்றார் என்னிடம். "சொல்ல ஆளில்லாததெல்லாம் அந்தா இருக்கு."

கடையின் கடைசியில் சுவரோடு பதித்த ஒரு மரத் தட்டு. ஒரு தொட்டில் கம்பு, கை உடைந்த பொம்மை, யாருடையது என்று தெரியாத ஒரு கல்யாணப் போட்டோ, குழந்தைச் செருப்பு, சுவர்க் கடிகாரம். எல்லாவற்றையும் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். சிலவற்றைக் காலையில் கடை திறக்கும்போது வாசலில் பார்ப்பார்களாம். யார் வைத்தது என்று தெரியாது.

"ஏன் திருப்பி வச்சிருக்கீங்க?"

"போறவாற ஆளையெல்லாம் உடையவங்கன்னு நெனச்சிப் பாத்துக்கிட்டே இருக்கும். பாவமாருக்கும்" என்றார், சாதாரணமாக.

பிறகு நேராக என்னைப் பார்த்தார். "நீங்க விக்கவும் வரல, வாங்கவும் வரல. யாரத் தேடி வந்திய?"

தேடி வந்தது உங்களைத்தான் என்று சொல்வதற்கு முன், இந்தச் சொல் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சின்னப் பிள்ளையில் ஒரு கப்பல் துறை. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் தன்னைக் காட்டி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டான். "என்ன வளத்த அய்யா பதில் சொல்லல. என்னத் தூக்கித் தோள்ல போட்டுட்டு நடந்துட்டாவ. இங்கன வந்து பேர் என்னன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான் அதத்தான் சொன்னேனாம். அதுதான் என் பேருன்னு நெனச்சிருக்கேன். வெவரம் வந்தப்புறம்தான் அது கேள்வின்னு புரிஞ்சிது. அய்யா இந்தக் கடை வச்சப்போ நான் கேக்க ஆரம்பிச்சேன். ஊரு பிடிச்சிக்கிட்டு."

"அதை அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. உச்சரிப்பைத் திருத்துகிற ஆசைதான். கிம் அக்கா சொல்வதுபோலவே, லாய் என்பதை ஏற்றி, லெக் என்பதைச் சட்டென்று வெட்டிச் சொன்னேன்.

கோமதி அம்மாவின் தோள்கள் சுருங்கின. கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. வயதான பெண்ணின் குரலல்ல அது. மெல்லிய, மூக்கடைத்த, அழுது களைத்த குழந்தையின் குரல்.

"வா மாய் கீ. வா மாய் கீ."

செல்வியின் கையிலிருந்து துணி விழுந்தது.

"நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டார் கோமதி அம்மா, தன் சொந்தக் குரலில்.

நான் செல்வியைப் பார்த்தேன். "ஒங்களுக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சொல்லுங்க."

"நான் போகமாட்டேன். அதான் அர்த்தம்."

அவர் எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். அன்றைக்கு அவ்வளவுதான். வெளியே வந்து என்னைத் தெருமுனை வரைக்கும் விட்டவள் செல்வி. பினாங்கிலிருந்து அக்கா அனுப்பித்தான் வந்தேன் என்றும், எந்த லாட்ஜில் இருக்கிறேன் என்றும் அவளிடம் சொன்னேன். "நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அத்த தூக்கத்துல இதையேதான் சொல்லுதாவ" என்றாள். "நாங்க ஏதோ சாமி பேருன்னு நெனச்சிக்கிட்டிருந்தோம்."

மூன்றாம் நாள் காலையில் கிம் அக்காவின் மகள் மேய் அழைத்தாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவசரம் என்று சொல்லவில்லை. ஆனால் குரல் சொன்னது. நான் போனை வைத்து நிமிர்ந்தபோது கதவு தட்டப்பட்டது.

வாசலில் கோமதி அம்மா. தோளில் ஒரு பை. நல்ல சேலை உடுத்தி, தலையை வாரி முடித்திருந்தார். பின்னால் மாடிப்படியில் செல்வி கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்பப் பொறப்படணும்?" என்றார்.

"எங்கே?"

"என் லாயிலெக்கு ஒங்களுக்குத் தெரியும். உடையவங்க சொல்லிவிட்டிருக்காவ. அப்ப என்னக் கொடுத்துரணும்லா? ஊரெல்லாம் அப்படித்தான கொடுத்தேன். எனக்கு மட்டும் வேற முறையா?" பையின் காதை இறுக்கிப் பிடித்திருந்தார். "நேத்தெல்லாம் சோறு எறங்கல. இத்தன வருசமா நான் ஏன் கேக்கலன்னு நெனக்கிய? கேட்டா தெரிஞ்சிரும். தெரிஞ்சிட்டா போகணும். எனக்கு அய்யா வீடுதான் வேணும்."

இவ்வளவு பெரிய பயத்தை ஒரு மனுஷி எத்தனை காலம் கடைக்குள் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தேன். உங்களை யாரும் கேட்கவில்லை, அக்காவுக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது, என்ன கேள்வி என்று எனக்கே தெரியாது என்றேன். நம்பினாரா தெரியவில்லை. "சரி. கடைக்கு வாங்க. என்ன கேக்கணுமோ அங்கன வச்சிக் கேக்கட்டும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் வரும்வரை காத்திருந்தோம். இங்கே பிற்பகல், அங்கே மாலை. செல்வி டீ வாங்கி வந்தாள்; கோமதி அம்மா தொடவில்லை. கடைசியில் மேய் வீடியோவில் வந்தாள். போனைத் தாயின் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

ஒரே முகம் இரண்டு இடத்தில். ஒன்றில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மற்றதில் மூக்குத்தி. கோமதி அம்மா மெல்லக் கையை உயர்த்திக் கண்ணாடியைத் தொடுவதுபோலத் திரையைத் தொட்டார்.

கிம் அக்கா பேசத் தொடங்கினார். குரல் கடைக்குள் எட்டவில்லை. நான் போனைக் காதருகே பிடித்துக் கேட்டு, தமிழில் சொன்னேன். அம்மா பிரசவத்தில் இறந்துவிட்டார். அப்பா துறையில் மூட்டை தூக்கியவர். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவித்தார். தங்கையைத் துறைக்குக் கூட்டிப்போகிற வேலை பத்து வயது கிம்முக்கு. அவள் வர மறுத்தாள். சாப்பிடப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன் என்றார் கிம் அக்கா. கூட்டத்தில் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்தேன். அன்றைக்கு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். அவர்கள் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தார்களா?

நான் சொல்லி முடித்ததும் கோமதி அம்மா, "அய்யா எனக்கு ஊட்டி விட்டுத்தான் சாப்புடுவாவ. கல்யாணம் ஆகுற வரைக்கும். சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கிம் அக்கா தலையசைத்தார். ஆனால் அவர் கண் கோமதி அம்மாவிடம் இல்லை. திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளைக் கேட்கவில்லை," என்றார். "இவள் நன்றாக இருக்கிறாள், தெரிகிறது. பின்னால் நிற்கிறாளே சின்னவள், அவளைக் கேள். அவள் ஏன் சுவரைப் பார்த்து நிற்கிறாள்?"

நான் திரும்பினேன். பின்னால் மரத் தட்டு. தொட்டில் கம்பு, பொம்மை, செருப்பு. வேறு ஒன்றுமில்லை. மேய் ஆங்கிலத்தில் மெதுவாக, அம்மாவுக்கு நேற்றிலிருந்து பார்வை சரியில்லை என்றாள்.

"என்ன சொல்லுதாவ?" என்றார் கோமதி அம்மா.

மறைக்கலாமா என்று யோசித்தேன். நேற்று அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன். செல்வி வாசல் பக்கம் நகர்ந்தாள். கோமதி அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமா. கடை தொறந்த நாள்லேருந்து அது அங்கனதான் நிக்கு. நான் யார்ட்டயும் சொன்னதில்ல." திரும்பாமலே தட்டின் பக்கம் கையைக் காட்டினார். "நான் தமிழ் படிச்சிட்டேன். அது படிக்கல. நான் சொன்னா அதுக்குப் புரியாது. அதோட லாயிலெக்க நீங்க சொல்லுங்க."

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பகல் வெளிச்சம் தெருவில் இருந்தது. எதிரே ஒருவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கடையின் கடைசிக்குப் போய், மரத் தட்டுக்கு முன்னால், ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, ஹொக்கியனில் பேசினேன். கிம் அக்கா போனில் சொல்லச் சொல்ல அதையே திருப்பிச் சொன்னேன். உன் லாய் லெக் இது. உன் பெயர் பீ லெங். கடலுக்குமேல் மரக்கால்களில் நின்ற வீடு. தண்ணீர் ஏறினால் பலகைக்குக் கீழே மீன் தெரியும். நீ மீனோடு பேசுவாய். அம்மா உன்னைக் கறுப்புத் துணியில் முதுகில் கட்டிக்கொள்வாள். அக்கா பெயர் கிம். உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோறு இல்லை, அவ்வளவுதான். கப்பலில் உன்னைத் தூக்கிக்கொண்டு போனவர் நல்லவர்.

பேசப் பேச அந்த இடம் குளிர்ந்தது என்றோ, ஏதோ அசைந்தது என்றோ சொன்னால் பொய். ஒன்றும் நடக்கவில்லை. எதிரில் யாரோ மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றியது. மருந்துக்கடையில் ஆள் நிற்பது தலை நிமிராமலே தெரியுமே, அந்த மாதிரி.

கடைசியில் கிம் அக்கா போனைக் குழந்தையிடம் காட்டச் சொன்னார். யாரும் இல்லாத இடத்தை நோக்கிப் போனை நீட்டினேன். அவர் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, பினாங்கில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"சியா பா பொய்?"

சாப்பிட்டாயா.

கடையில் ஒருவரும் பேசவில்லை. கோமதி அம்மா உதட்டை இறுக மூடியிருந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் திரையில் கிம் அக்கா தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு, "இல்லையா? சரி. வா" என்றார். மேய் போனை வாங்கிவிட்டாள்.

கோமதி அம்மாதான் முதலில் எழுந்தார். தட்டிலிருந்த பொம்மையை எடுத்துத் தூசி தட்டி, முகம் வெளியே தெரியும்படி வைத்தார். போட்டோவையும் திருப்பினார். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி, பசிக்கு. என்ன இருக்கு?" என்று கேட்டார்.

கஞ்சியும் துவையலும் இருந்தன. மூவரும் கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். கொண்டுவந்த பை வாசலருகே கிடந்தது. செல்வி அதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ரயிலுக்குக் காத்திருந்தபோது செல்வி ஸ்டேஷனுக்கு வந்தாள். அத்தை இரவு முழுவதும் அடித்துப்போட்டாற்போலத் தூங்கியதாகவும், ஒரு சொல்லும் பேசவில்லை என்றும் சொன்னாள். "நான்தான் தூங்கல. எப்ப சொல்லுவாவன்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன்." கோமதி அம்மா வரவில்லை. யாரோ ஒருவர் பித்தளைப் பம்பு கொண்டுவந்திருக்கிறாராம், அவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பினாங்கில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிம் அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். முகத்தில் நிறம் வந்திருந்தது. கட்டிலருகே மேசையில் இரண்டு கிண்ணங்களில் அரிசிக் கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. இரண்டிலும் கரண்டி.

மேய் என்னை வெளியே கூட்டிப்போய்ப் புலம்பினாள். போன் பேசிய நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் இரண்டு கிண்ணம் கேட்கிறாராம். யாருக்கு என்றால் பதில் சொல்வதில்லையாம். கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிற நாற்காலியில் யாரையும் உட்காரவிடுவதில்லை. "நீ சொன்னால் கேட்பார். டாக்டரிடம் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றேன். உள்ளே திரும்பிப் போய் அந்த நாற்காலியைப் பார்த்தேன். பெரியவர்கள் உட்காருகிற உயரமான நாற்காலி. அதை நகர்த்திவிட்டு, வார்டின் மூலையில் கிடந்த சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கட்டிலருகே போட்டேன். ஒரு கிண்ணத்தைச் சின்னக் கைக்கு எட்டும்படி மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தேன்.